துணி நாப்கின் கட்டலாம் சரி, துவைப்பது யார்?

கொடிமல்லி:
என் தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ராப்பகலாக டயப்பர்தான். பகலில், வீட்டில் இருக்கும்போதாவது பருத்தித் துணி கட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் உறை இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தால் பெரியவர்களுக்கே தாங்காது. பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டவேண்டும் என்றில்லை; பட்டன் வைத்த துணி நாப்கின், ஈரம் கசியாத கவர் எல்லாம் இப்போது கிடைக்கிறது. முதலில் செலவு கொஞ்சம் கடிக்கும், ஆனால் அதே துணி அடுத்த குழந்தைக்கும் ஆகும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

மடிப்பாக்கம் ராணி:
சொல்வது சுலபம், அக்கா. சிசேரியன் தையல் ஆறாத உடம்போடு துணி அலசுவது யார்? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூட மாற்ற வேண்டியிருக்கும். சுற்றுச்சூழல் என்ற பெயரில் வரும் வேலையெல்லாம் கடைசியில் அம்மா தலையில்தான் விடிகிறது. எங்கள் தெருவில் கோடையில் லாரித் தண்ணீர்தான். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008 அறிக்கைப்படி, ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்தில் டயப்பரால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான, புவியைச் சூடாக்கும் வாயு வெளியேறுகிறது; துணியால் 570 கிலோ. அப்புறம் எதற்கு இந்தப் பாடு?

பெரம்பூர் அப்பா:
ராணி மேடம், அதே அறிக்கையை இன்னும் கொஞ்சம் படியுங்கள். மெஷின் நிறையத் துணி போட்டு, டிரையர் இல்லாமல் வெளியே காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் வரை குறையும் என்று அதிலேயே இருக்கிறது. 2023-இல் பிரிட்டன் அரசு மறுபடி கணக்கிட்டு வெளியிட்டபோது டயப்பரைவிடத் துணிக்கு 25 சதவீதம் குறைவு. நமக்கோ மொட்டை மாடியும் கொடியும் இருக்கின்றன.

துவைப்பது யார் என்பது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் நான்தான். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத்தண்ணீரில் ஓர் அலசு அலசி, மூடி போட்ட வாளியில் சேர்த்து வைப்பேன். மறுநாள் காலை மெஷினில் போடுவேன். மணத்துக்காக ஊற்றுகிற கண்டிஷனர் கூடவே கூடாது; அது நூலில் படிந்தால் துணி ஈரத்தை உறிஞ்சாது. புதுத் துணியும் நாலைந்து முறை துவைத்த பிறகுதான் நன்றாக உறிஞ்சும். சோப்புக்குப் போகாத மஞ்சள் கறை, ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்தால் வெளுத்துவிடும். இதில் ஆணால் செய்ய முடியாத வேலை எது?

கோவை நர்ஸம்மா:
டயப்பரால்தான் புண் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். ஈரமும் மலமும் தோலில் நெடுநேரம் படிந்திருந்தால்தான் புண் வரும். டயப்பரில் இருக்கும் ஜெல் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். துணியில் அந்த வசதி கிடையாது, நனைந்ததும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் எவ்வளவு நல்ல பருத்தியானாலும் தொடை இடுக்கு சிவந்து தடிக்கும். மாற்ற ஆள் இருந்தால் தாராளமாகத் துணி கட்டுங்கள். ராத்திரி டயப்பர் போடுவதில் தப்பே இல்லை.

கொடிமல்லி:
ராத்திரிக்கு டயப்பர் இருக்கட்டும் சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றிய டயப்பர் எங்கே போகிறது? தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. எங்கள் குடியிருப்பில் அது மீந்த சோற்றோடும் காய்கறித் தோலோடும் ஒரே பையில் கிடக்கிறது. தூய்மைப் பணியாளர் அம்மா அந்தப் பையைக் கையால்தான் பிரிக்கிறார். நம் குழந்தையின் மலத்தை இன்னொருவர் கையால் அள்ள வைப்பதற்கு எனக்கு மனசு ஒப்பவே இல்லை.

மடிப்பாக்கம் ராணி:
அது உண்மைதான் அக்கா, மறுக்க முடியாது. இனிமேல் தனியாகச் சுற்றித்தான் கொடுப்பேன். ஆனால் ஐப்பசி அடைமழையில் துணி எப்படிக் காயும்? நான் வேலைக்குப் போனால் குழந்தையை விடப்போகிற காப்பகத்தில் துணி நாப்கினைத் தொடமாட்டார்கள். இதற்கெல்லாம் பதில் இல்லாமல் நான் மாறமாட்டேன்.

பெரம்பூர் அப்பா:
மழைக்காலத்துக்குத் தடித்த நாப்கின் சரிவராது. பெரிய சதுரத் துணியாக வாங்குங்கள். மடித்துக் கட்டினால் பல அடுக்கு, விரித்துப் போட்டால் ஒரே அடுக்கு. ஃபேனுக்கு அடியிலேயே காய்ந்துவிடும். காப்பகத்துக்கு டயப்பரே கொடுத்தனுப்புங்கள், அதில் ஒன்றும் குறையில்லை. வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு டஜன் துணி வாங்கித் தொடங்குங்கள். வாங்கும் முன்பே, துவைக்கிற பொறுப்பை வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிடுங்கள்.