விலா எலும்பு முறிவுக்கு பிளாக் கதீட்டர்: ஐசியூ அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஐசியூ செவிலியராக இருக்கிறேன். விலா எலும்புகள் பல முறிந்து வரும் நோயாளிகளின் வலி பற்றித்தான் கேள்வி.

வலி இருந்தால் இவர்கள் ஆழமாக மூச்சு இழுப்பதில்லை, இருமுவதும் இல்லை. சளி தேங்கி நிமோனியாவில் போய் நிற்கும். ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தைக் கூட்டினால் வலி அடங்கும், ஆனால் மூச்சும் மந்தமாகும். வென்டிலேட்டரிலிருந்து எடுக்கப் பார்க்கும் நேரத்தில் இது பெரிய தொல்லை.

எபிடியூரல் (முதுகுத்தண்டை ஒட்டிய இடத்தில் மரப்பு மருந்து செலுத்துவது) நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும். அப்புறம் ரத்தம் உறையாமல் போடும் ஊசி வேறு. அந்த ஊசியான எனாக்ஸாபரின், ரத்தக்கட்டு வராமல் தடுக்கும் அளவு என்றால் 12 மணி நேரம், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் எபிடியூரல் வைக்க வேண்டும். அதனால் எங்கள் மயக்க மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்து எரெக்டர் ஸ்பைனே பிளாக் (முதுகுத் தசைக்கு அடியில் மரப்பு மருந்து செலுத்துவது) போட்டு, மருந்து தொடர்ந்து போக கதீட்டர் என்ற மெல்லிய குழாயும் வைக்கிறார்கள். 2016-இல்தான் விவரிக்கப்பட்ட முறை என்பதால் எங்கள் பிரிவில் பலருக்குப் புதிது.

என் பெரிய கவலை மரப்பு மருந்தின் நச்சு விளைவு. விழித்திருப்பவர் வாயைச் சுற்றி மரத்துப்போகிறது, காதில் இரைச்சல் என்று சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவருக்கு நேராக வலிப்போ இதயத்துடிப்புக் கோளாறோதானே முதலில் தெரியும்? நீங்கள் எதை வைத்துக் கண்காணிக்கிறீர்கள்? அந்த நச்சை முறிக்கக் கொடுக்கும் 20% லிப்பிட் எமல்ஷனைப் படுக்கை அருகிலேயே வைத்திருக்கிறீர்களா?

இன்னொன்று, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கதீட்டர் நகர்ந்துவிடுகிறது. எப்படி ஒட்டினால் நிற்கும்? படம் இருந்தால் நோயாளி அடையாளம் தெரியாமல் போடுங்கள்.