நாற்பத்தேழு என்றால் 407 எழுதுகிறார்கள், என்ன செய்யலாம்?

மலையோர_டீச்சர் (தேன்கனிக்கோட்டை பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. எச்.எம். நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொள்கிறார், ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. ஒரே அறைதான். கற்றல் நிலை பார்த்துப் பிரித்த மூன்று கூட்டம்: தொடக்க நிலை அரும்பு ஒரு மூலை, அடுத்த நிலை மொட்டு ஒரு மூலை, அதற்கும் மேல் மலர் ஜன்னலோரம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, பழகிவிட்டது.

என் கேள்வி மொட்டுக் கூட்டத்தைப் பற்றி. "நாற்பத்தேழு எழுது" என்றால் 407 என்று எழுதுகிறார்கள். முப்பத்திரண்டு என்றால் 302. ஒருவர் இருவர் இல்லை, பாதிப் பேர். இத்தனைக்கும் நூறு வரை தண்ணியாகச் சொல்வார்கள். சுவரில் இருக்கும் எண் சார்ட்டில் 47 எங்கே என்று கேட்டால் ஓடிப்போய்ச் சரியாகத் தொடுவார்கள். புளியங்கொட்டையும் எண்ண வைத்தேன் (எங்கள் ஊரில் புளிக்கா பஞ்சம்?). ஒருத்தன் அழகாக எண்ணி முடித்து "நாப்பத்தேழு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் சிலேட்டில் 407 போடுகிறான்.

பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தமிழ் பள்ளிக்கு வந்த பிறகுதான். இது மொழியால் வரும் குழப்பமா, கணக்கால் வருவதா? பார்வையிட வந்த ஒருவர் "நூறு தடவை எழுத வையுங்க, தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. செலவில்லாமல், மற்ற இரண்டு மூலையையும் கவனித்துக்கொண்டே செய்கிற மாதிரி வழி இருந்தால் சொல்லுங்கள்.

பாலக்கோடு_பழைய_வாத்தியார்

டீச்சரம்மா, மொழி மேல் பழியைப் போடாதீங்க. நான் வேலை பார்த்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் தமிழ்தான். அங்கேயும் இந்த 407 இருந்தது. பையன் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான். நாற்பது என்று கேட்டது, 40 போட்டான். ஏழு என்று கேட்டது, பக்கத்தில் 7 போட்டான். அவன் வரையில் அது நியாயம்தானே? நூற்று இருபத்து மூன்று என்று சொல்லிப் பாருங்க, 100203 என்று நீட்டி எழுதுவான். நூறு தடவை எழுத வைத்தால் 47 ஒன்று மட்டும் மனப்பாடமாகும், அடுத்து 48 சொன்னால் மறுபடி 408.

முதலில் யாருக்கு எது வரவில்லை என்று பிரித்துப் பாருங்க. அதற்குப் புளியங்கொட்டை உதவாது. எண்ணத்தான் கொட்டை, கட்டுவதற்குக் குச்சி வேண்டும். விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக நூல் போட்டுக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்க. அப்புறம் ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு "நாற்பத்தேழு குச்சி கொடு" என்று கையை நீட்டுங்க. நாலு கட்டும் ஏழு உதிரியும் எடுத்துக் கொடுத்தால் அவனுக்குக் கணக்கு இருக்கிறது, எழுத்துதான் பாக்கி. கட்டை அவிழ்த்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், பத்து என்பது அவன் மனசில் இன்னும் ஒரு கட்டாக விழவில்லை. அவனுக்கு இப்போதைக்குச் சிலேட்டே வேண்டாம், கட்டவும் அவிழ்க்கவும் விடுங்க. பத்தைத் தெலுங்கில் பதி என்றோ கன்னடத்தில் ஹத்து என்றோ அவன் வாயில் வருகிறபடி எண்ணிக்கொள்ளட்டும், தடுக்காதீங்க.

2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பாட அட்டைகளும், அவற்றை எந்த வரிசையில் முடிப்பது என்று காட்டும் ஏணிப்படிப் படமும் கொடுத்து எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார்கள். முட்டிவலிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் கீழே உட்கார்ந்ததால்தான் எந்தப் பிள்ளை கட்டை அவிழ்க்கிறது என்று என் கண்ணில் பட்டது.

ஏரியூர்_மிஸ்

சார் சொன்னதில் முதல் ரகம், அதாவது கட்டு சரியாக எடுத்துக் கொடுத்துவிட்டு 407 எழுதும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம். அவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் இடமதிப்பு அட்டை நன்றாக எடுபடுகிறது மேடம். பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை எதில் வேண்டுமானாலும் வெட்டலாம்.

10, 20 முதல் 90 வரை ஒன்பது அட்டை, 1 முதல் 9 வரை ஒன்பது அட்டை, மொத்தம் 18. அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. பத்துகள் அட்டை ஒன்றுகள் அட்டையைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்க வேண்டும், இலக்கங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் 40 மேல் 7-ஐ வலது ஓரமாக வைத்தால் பூஜ்ஜியத்தை மட்டும் சரியாக மூடும். ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் பூஜ்ஜியம் எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நாற்பது அட்டையை எடு, ஏழு அட்டையை எடு, பக்கத்தில் வைத்துப் பார். அது 407. இப்போது மேலே ஏற்று. 47. திரும்பத் தூக்கிப் பார், பூஜ்ஜியம் உள்ளேயே இருக்கிறது. இந்தத் தூக்கிப் பார்க்கிற வேலைதான் அவர்களுக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே குச்சிக் கட்டும் இருக்கட்டும், ஒரு பிள்ளை கட்டு எடுக்க ஒரு பிள்ளை அட்டை வைக்க என்று ஜோடி போட்டுவிட்டால் நீங்கள் அரும்பு மூலைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று. காலை உணவுக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பலகையில் எழுதுவதை மொட்டுப் பிள்ளைகளுக்கு முறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தாறு பேருக்கு 306 என்று ஒருத்தி எழுதியதும் சமையல் அக்கா "இவ்வளவு பேருக்குப் பொங்கலுக்கு நான் எங்கடி போவேன்" என்றார். அவளே ஓடி வந்து அழித்தாள்.

ஊத்தங்கரை_மளிகை

நான் வாத்தியார் இல்லை, கடைக்காரன். பொண்ணு இரண்டாவது படிக்கிறாள். பத்து ரூபாய், ஒரு ரூபாய் வைத்தே சொல்லிக் கொடுக்கலாமே? கல்லாப் பக்கம் உட்காரும் பிள்ளைக்கு இடமதிப்பு எல்லாம் எதற்கு?

பாலக்கோடு_பழைய_வாத்தியார்

கடைக்காரரே, நல்ல யோசனைதான், ஆனால் இரண்டாவது படி. பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து ஒற்றை ரூபாய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நம்பித்தான் ஆகணும். குச்சிக் கட்டை அவிழ்த்தால் பத்தும் கொட்டும். கட்டு பழகின பிள்ளைக்குக் காசைக் காட்டுங்க, உடனே பிடித்துக்கொள்ளும். அதுவும் இப்போது உங்கள் கடையிலேயே பாதிப் பேர் போனை நீட்டி ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார்கள். சில்லறையைப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்?

மலையோர_டீச்சர்

ரொம்ப நன்றி சார், நன்றி மிஸ். இன்றைக்குக் குச்சி கேட்டுப் பார்த்தேன். 407 எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் நாலு கட்டும் ஏழு உதிரியும் டக்கென்று கொடுத்தார்கள். இரண்டு பேர் மட்டும் அவிழ்த்தார்கள். அதில் ஒருவன் சார்ட்டை ஓடிப்போய்த் தொடுகிறவன், அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர்களைத் தனியாகக் கட்டு வேலையில் விட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மிஸ். பூஜ்ஜியத்தை மூடச் சொல்லிக் கொடுத்தால், அப்புறம் வெறும் நாற்பதுக்கு 4 என்று எழுத மாட்டார்களா? நூறுக்கு மேல் போகும்போது 407 உண்மையிலேயே வருமே, அப்போது குழம்பாதா?

ஏரியூர்_மிஸ்

நாற்பதுக்கு உதிரி இல்லை, அதனால் மேலே வைக்க அட்டையும் இல்லை. பூஜ்ஜியம் திறந்தே இருக்கும். நடுநடுவே முப்பது, அறுபது என்று கேட்டுக்கொண்டே இருங்கள், பழகிவிடும்.

நூறுக்கு மேல் போனால் இன்னும் ஒன்பது அட்டை, மூன்று மடங்கு அகலத்தில். 400 மேல் 7 வைத்தால் கடைசிப் பூஜ்ஜியம் மட்டும் மூடி 407 வரும், நடுப் பூஜ்ஜியம் தெரியும். அதைக் காட்டிவிட்டு "பத்துக் கட்டு எத்தனை?" என்று கேளுங்கள். ஆனால் இப்போதே அதற்குப் போகாதீர்கள், 47 நிலைக்கட்டும். அட்டை அளவு வேண்டுமானால் சொல்லுங்கள், என் செட்டை அளந்து போடுகிறேன்.