பல நேர மண்டலங்களில் இருப்போருக்கு இணையவழி ஹேக்கத்தான்

கேள்வி:
எங்கள் திறமூல நிரலாக்கக் குழுவினர் சிட்னி, பெங்களூரு, பெர்லின், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் இருக்கிறார்கள். அக்டோபர் இறுதியில் ஒருநாள் ஹேக்கத்தான் (கூடி நிரல் எழுதும் நிகழ்வு) நடத்தவிருக்கிறோம். யாருடைய உறக்கத்தையும் கெடுக்காமல் அனைவரையும் ஒரே கூட்டத்தில் சேர்க்க இயலுமா?

மறுமொழி 1:
இயலாது, அதற்காக மெனக்கெடவும் வேண்டாம். இரண்டு கூட்டங்களாகப் பிரியுங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) 06:00 மணிக்கு நடப்பது சிட்னிக்கு மாலை 5, பெங்களூருக்கு முற்பகல் 11:30, பெர்லினுக்குக் காலை 7 மணியாகவும், யுடிசி 16:00 மணிக்கு நடப்பது பெர்லினுக்கு மாலை 5, பெங்களூருக்கு இரவு 9:30, சான்பிரான்சிஸ்கோவுக்குக் காலை 9 மணியாகவும் அமையும். இரண்டிலும் இருக்கும் பெர்லின், பெங்களூரு நண்பர்களே சிட்னியின் வேலையை அமெரிக்கக் குழுவிடம் ஒப்படைக்கலாம்.

மறுமொழி 2:
நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஐரோப்பா அக்டோபரின் கடைசி ஞாயிறன்றும் அமெரிக்கா நவம்பரின் முதல் ஞாயிறன்றும் கோடைகால நேரத்தை முடித்துக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னே தள்ளுவதால், இடைப்பட்ட நாள்களில் பெர்லினுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வழக்கமான 9 மணிநேரத்துக்குப் பதில் 8 மணிநேரமே வேறுபாடு. மேலே சொன்ன நேரங்கள் அந்நாள்களுக்கே பொருந்தும். அறிவிப்பில் யுடிசி நேரம் கட்டாயம் இருக்கட்டும்.

மறுமொழி 3:
கூட்டத்தைவிட ஒப்படைப்புக் குறிப்பே முக்கியம் என்பேன். உறங்கச் செல்பவர் அரைகுறை நிரலையும் தனிக் கிளையில் (முதன்மை நிரலைத் தொடாத நகலில்) ஏற்றி, எது இயங்குகிறது, எங்கே தடைபட்டது என்று எழுதிவைக்க வேண்டும். நிறைவுச் செயல்விளக்கங்களைக் காணொளியாகப் பதிந்துவைத்தால் சிட்னியினர் விழித்ததும் பார்ப்பார்கள்.