ஏஐஎஸ் விட்டு விட்டு மௌனமாகிறது: எனக்கு எல்லாரும் தெரிகிறார்கள், நான் யாருக்கும் தெரியவில்லை

கொண்டல்34:

வணக்கம். என்னுடையது 34 அடி பாய்மரப் படகு. ஐந்து வருடமாக ஒரு ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் வைத்திருக்கிறேன், அதாவது கப்பல்கள் தங்கள் பெயர், நிலை, வேகம், திசையை ரேடியோ வழியாக ஒன்றுக்கொன்று தானாகச் சொல்லும் கருவி. சிறு படகுகளுக்கான கிளாஸ் பி, 2 வாட் வகை. அதற்கென்று தனி ஆண்டெனா இல்லை. பாய்மர உச்சியில் இருக்கும் வி.எச்.எஃப் ஆண்டெனாவையே ஸ்ப்ளிட்டர் வழியாக ரேடியோவும் ஏஐஎஸ்ஸும் பகிர்ந்துகொள்கின்றன.

போன மாதம் ஒரு இரவு, மனைவியும் மகளும் கீழே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சரக்குக் கப்பல் நேராக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. தூரம் இரண்டு மைலுக்கு வந்ததும் ரேடியோவில் கூப்பிட்டேன். கப்பலில் காவல் பணியில் இருந்த அதிகாரி உடனே பதில் கொடுத்தார், திசையும் மாற்றினார். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை: "ரேடாரில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது, ஏஐஎஸ்ஸில் நீங்கள் இல்லையே." அந்த நேரத்தில் அவருடைய கப்பலின் பெயர், வேகம், திசை எல்லாம் என் திரையில் இருந்தன. நானும் அவருக்கு அப்படித்தான் தெரிகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு என்னோடு சேர்ந்து ஓட்டும் நண்பரின் படகிலிருந்து கவனிக்கச் சொன்னேன். சில நேரம் ஒழுங்காகத் தெரிகிறேன். சில நேரம் 20 நிமிடம், 40 நிமிடம் காணாமல் போகிறேன். அப்புறம் தானாகவே வந்துவிடுகிறேன். கருவியில் சில சமயம் மஞ்சள் விளக்கு, சில சமயம் சிவப்பு. எப்போது எது என்று குறித்துவைக்கவில்லை. ஃபியூஸ் பார்த்தாயிற்று, ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தாயிற்று. ஜிபிஎஸ் நிலை ஒருமுறைகூடப் போகவில்லை. மற்ற கப்பல்கள் தெரிவதால் ஆண்டெனா நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருவியையே மாற்ற வேண்டுமா?

துடுப்பு:

ஐந்து வருடம் ஆகிவிட்டது என்றால் மாற்றிவிடலாம் சார். இப்போது 5 வாட் வகை வந்துவிட்டது. வேகமாகப் போகும்போது அடிக்கடியும் அனுப்பும்.

பழையநங்கூரம்:

அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகைக் கருவி 2 நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகும்போது 30 விநாடிக்கு ஒருமுறை நிலையைச் சொல்லும். அதற்குக் கீழே வந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். பெயர் முதலிய விவரம் 6 நிமிடத்துக்கு ஒருமுறை. காற்று விழுந்து படகு மிதந்துகொண்டிருக்கும்போது இரண்டு செய்தி தவறினால் ஒன்பது நிமிடம் காணோம் போல இருக்கும். அது கோளாறு அல்ல. இணையத்தில் காட்டும் வரைபடத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அது கரையில் யாரோ வைத்திருக்கும் ஆண்டெனாவுக்கு உங்கள் சிக்னல் எட்டியதா என்பதை மட்டும்தான் சொல்லும். ஆனால் 5 நாட் வேகத்தில் 40 நிமிடம் மறைந்தால் அது கோளாறுதான்.

ஒரு கேள்வி: முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் எவ்வளவு தூரத்தில் திரையில் வரத் தொடங்கின? இப்போது எவ்வளவு?

கொண்டல்34:

இதை நான் யோசிக்கவே இல்லை. பழைய பயணக் குறிப்பைப் புரட்டினேன். முதல் இரண்டு வருடம் 20 மைலுக்கு மேல் தெரிந்த கப்பல்களைக் குறித்திருக்கிறேன். இந்த வருடம் பெரும்பாலும் 8, 9 மைல்.

பழையநங்கூரம்:

அப்படியென்றால் ஆண்டெனா பக்கம் நன்றாக இல்லை. பெரிய கப்பல் 12.5 வாட்டில், உயரமான இடத்திலிருந்து அனுப்புகிறது. பாதி அறுந்த கம்பி வழியாகக்கூட அது உங்களுக்குக் கேட்டுவிடும். உங்கள் 2 வாட் அதே கம்பி வழியாக வெளியே போக முடியாது. "மற்றவர்கள் தெரிகிறார்கள்" என்பதை வைத்து ஆண்டெனாவைச் சந்தேகத்திலிருந்து விலக்க வேண்டாம். நானும் அப்படி விலக்கிவிட்டு இரண்டு பருவம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

செம்புக்கம்பி:

நான் படகு மின்வேலை பார்க்கிறவன். மின்சாரத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. கருவி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 26 மில்லிவிநாடிதான் அனுப்புகிறது. அந்த நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் சாதாரண மல்டிமீட்டர் அதைக் காட்டாது. அதனால் கருவியின் மின்கம்பி முனையைக் கழற்றி அதில் ஒரு 21 வாட் கார் பல்பை மாட்டுங்கள். பல்பு எரியும்போது அந்த இடத்தில் அளந்து, பேட்டரி முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ துருப்பிடித்த இணைப்பு இருக்கிறது. நெகட்டிவ் பக்கத்தை மறக்காதீர்கள், பலர் பாசிட்டிவ்வை மட்டும் பார்ப்பார்கள்.

அடுத்து, ஒரு யுஎஸ்பி ரேடியோ டாங்கிள் வாங்குங்கள், ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்பார்கள். அதை லேப்டாப்பில் செருகி, ஏஐஎஸ் படிக்கும் இலவச மென்பொருளை ஓடவிட்டு, ஒரு சாண் கம்பியை ஆண்டெனாவாக வைத்துக் கேபினுக்குள்ளேயே கேளுங்கள். இவ்வளவு பக்கத்தில் கேபிளிலிருந்து கசிவதே அதற்குப் போதும். நண்பருக்கு நீங்கள் தெரியாத நேரத்தில் டாங்கிளுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் கருவி அனுப்புகிறது, சிக்னல்தான் உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. டாங்கிளுக்கும் கேட்காவிட்டால் கருவியே அனுப்பாமல் இருக்கிறது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் முற்றிலும் வேறு.

விளக்கு நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கருவிகளில் மஞ்சள் என்றால் "அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை", சிவப்பு என்றால் ஆண்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவது போன்ற கோளாறு. உங்கள் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கொண்டல்34:

செம்புக்கம்பி அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பல்பு சோதனையில் 12.6 வோல்ட் 12.4 ஆனது, அவ்வளவுதான். மின்சாரம் சரி.

டாங்கிளை வைத்து மூன்று நாள் பதிவு எடுத்தேன், நண்பர் தன் படகில் எழுதினார். நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்குக் குழப்பமே வந்தது. இரவில் காணாமல் போகும்போது டாங்கிளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை, மஞ்சள் விளக்கு. பகலில் காணாமல் போகும்போது டாங்கிளில் 30 விநாடிக்கு ஒன்று தவறாமல் விழுகிறது, நண்பருக்கு மட்டும் நான் இல்லை, சிவப்பு விளக்கு. அதுவும் படகு வலப்பக்கம் நன்றாகச் சாயும்போதுதான். ஒரே கோளாறு எப்படி இரண்டு மாதிரி நடக்கும்?

செம்புக்கம்பி:

ஒரே கோளாறு இல்லை, இரண்டு. ஒன்றோடொன்று கலந்து உங்களை அலையவிட்டிருக்கின்றன.

இரவைப் பார்ப்போம். இரவில் படகு மற்றவர்களுக்குத் தெரிவதற்காகப் போடும் மூவண்ண விளக்கை, உச்சியில் எல்இடி வகையாக வைத்திருக்கிறீர்களா? உங்கள் வகைக் கருவி அனுப்புவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். ஒரு சேனலில் ஒரு நிமிடம் 2250 சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. காலியான துண்டு கிடைத்தால்தான் பேசும், யாராவது பேசுவது போல் இருந்தால் காத்திருக்கும். எல்இடிக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் சர்க்யூட் மோசமாக இருந்தால் ஏஐஎஸ் பேசும் 160 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். அந்த இரைச்சலை உங்கள் கருவி வேறு யாரோ பேசுவதாக எடுத்துக்கொண்டு, இரவு முழுக்கக் காத்திருந்தாலும் இருக்கும். விளக்கு ஆண்டெனாவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும் என்பதால் இன்னும் மோசம்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி 2018 ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் உள்ள சோதனை எளிது. விளக்கை அணையுங்கள். வி.எச்.எஃப் ரேடியோவை அமைதியான சேனலில் வையுங்கள். ஸ்குவெல்ச்சை (பின்னணி இரைச்சலை அடக்கும் திருகு) திருகி இரைச்சல் வரவைத்து, அது சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். மறுபடி இரைச்சல் கிளம்பினால் விளக்குதான் காரணம்.

பகல் கோளாறுக்கு ஸ்ப்ளிட்டரை விலக்கிவிட்டு, ஆண்டெனா கேபிளை நேராக ஏஐஎஸ்ஸில் செருகிப் பாருங்கள். கருவியை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதன்பிறகும் மறைந்தால் பாய்மர அடிக்குப் போங்கள். சாயும்போது மட்டும் வருவது எங்கோ ஒரு இணைப்பு அசைவதால்தான்.

பழையநங்கூரம்:

கேபிள் எந்த வகை என்றும் பாருங்கள். மெல்லிய ஆர்.ஜி-58 போட்டிருந்தால் 20 மீட்டரில் பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும், 2 வாட்டில் ஒரு வாட்கூட மேலே போகாது. தடித்த ஆர்.ஜி-213 என்றால் இழப்பு அதைவிடக் குறைவு.

கொண்டல்34:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஸ்குவெல்ச் சோதனையை மகள்தான் செய்தாள், நான் ரேடியோ பக்கத்தில் நின்றேன். அவள் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் சீறியது. அணைத்ததும் அடங்கியது. ஏழெட்டு முறை போட்டு அணைத்தோம், ஒருமுறைகூட மாறவில்லை. அந்தக் கப்பல் வந்த இரவு முழுக்க இந்த விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. எங்களை மற்றவர்கள் பார்ப்பதற்காகப் போட்ட விளக்கே எங்களை ஏஐஎஸ்ஸிலிருந்து மறைத்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது. விளக்கின் கம்பியில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்த்தேன். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. விளக்கையே மாற்றிவிட்டேன். புதியதை மேலே ஏற்றும் முன், கீழேயே ஆண்டெனா பக்கத்தில் வைத்து அதே சோதனையைச் செய்தோம்.

பகல் கோளாறு ஸ்ப்ளிட்டரை விலக்கியும் போகவில்லை. பாய்மர அடியில் தளத்துக்குக் கீழே, கேபிள்கள் சேரும் இடத்தில் ஒரு பி.எல்-259 கனெக்டர். வெளியே பார்க்கப் புத்தம் புதிது போல இருந்தது, மேலே டேப்பும் சுற்றியிருந்தது. திறந்தால் நடுக்கம்பியில் ஈயப்பற்றே இல்லை, குழாய்க்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கம் சாயும்போது கேபிள் இழுபட்டு அது விலகியிருக்கிறது. வெளிப் பின்னல் கறுத்துப்போயிருந்தது. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டினேன், ஏறக்குறைய ஒரு அடி போயிற்று. கேபிள் நல்லவேளையாக ஆர்.ஜி-213. புதுக் கனெக்டர் போட்டு, நடுக்கம்பியைப் பற்றவைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் வழிந்து கனெக்டருக்குள் போகாதபடி கேபிளைக் கீழே வளைத்து விட்டிருக்கிறேன்.

நேற்று இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டினோம், மூவண்ண விளக்கு எரிய, பெரும்பாலும் வலப்பக்கச் சாய்வில். டாங்கிள் பதிவில் பெரிய இடைவெளி ஒன்றுகூட இல்லை. நண்பர் 7 மைல் பின்னால் வந்தார், இரவு முழுக்க அவர் திரையில் இருந்தேன். 22 மைலில் ஒரு டேங்கர் என் திரையில் வந்தது.

துடுப்பு:

நான் அவசரப்பட்டு மாற்றச் சொல்லிவிட்டேன். புதுக் கருவி வாங்கியிருந்தாலும் இதே இரண்டு கோளாறும் அப்படியே இருந்திருக்கும். நாளை என் படகிலும் அந்த ஸ்குவெல்ச் சோதனையைச் செய்கிறேன், என்னுடையதும் எல்இடிதான்.

செம்புக்கம்பி:

செய்யுங்கள். உள்விளக்கு, சோலார் கன்ட்ரோலர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எது சீறுகிறது என்று தெரியாது.

கொண்டல்34, ஸ்ப்ளிட்டரை மறுபடி மாட்டிவிட்டீர்களா?

கொண்டல்34:

இல்லை அண்ணா. உச்சி ஆண்டெனாவை ரேடியோவுக்கே விட்டுவிடப் போகிறேன். ஏஐஎஸ்ஸுக்கு 162 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்த தனி ஆண்டெனா ஒன்று வந்திருக்கிறது, பின்பக்கக் கம்பித் தடுப்பில் பொருத்தப் போகிறேன். அங்கே உயரம் குறைவுதான். ஆனால் பாய்மரம் முறிந்து விழுந்தாலும் நாங்கள் மற்றவர்களுக்குத் தெரிந்துகொண்டிருப்போம்.