ரைன்பெர்கரின் ‘ஆபெண்ட்லீட்’: 18 பேருக்கு ஆறு குரல், எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
எங்கள் பாடகர் குழுவில் இசையமைப்பாளர் யோசேஃப் ரைன்பெர்கரின் ‘ஆபெண்ட்லீட்’ (‘மாலைப் பாடல்’ என்ற ஜெர்மன் பாட்டு; ஓபஸ், அதாவது படைப்பு வரிசை எண் 69, அதில் எண் 3) பாட எடுத்திருக்கிறோம். குழுவில் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) 7, ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) 5, டெனர் (உயர்ந்த ஆண்குரல்) 3, பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) 3. இரண்டு சொப்ரானோ, ஆல்ட்டோ, இரண்டு டெனர், பேஸ் என ஆறாகப் பிரித்தால் டெனர் காணாமல் போகிறது. முடிவில் சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிடுகிறது. இது அவர் சிறுவயதில் எழுதியது என்பது உண்மையா?

பதில் 1:
உண்மைதான். 1839 மார்ச்சில் லிக்டென்ஸ்டைனின் வாடுஸில் பிறந்தவர், 1855 மார்ச்சில் 16 வயது நிறையுமுன்பே முதல் வடிவத்தை மியூனிக்கில் எழுதிவிட்டார். நாம் பாடுவது பின்னால் திருத்தி 1873-இல் வெளியிட்ட வடிவம். வரிகள் பைபிளின் லூக்கா 24:29, எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் சீஷர்கள் இயேசுவிடம் கேட்டது: “நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று.” மன்றாட்டு இது, தாலாட்டுப்போல் இழுத்துப் பாடினால் கெட்டுவிடும்.

பதில் 2:
பிரிவினை இப்படி வையுங்கள்: முதல் சொப்ரானோ 3, இரண்டாவது 4, ஆல்ட்டோ 3, முதல் டெனர் 3 (ஒரு டெனரோடு தாழ்குரல் ஆல்ட்டோ இருவர்), இரண்டாம் டெனர் 2, பேஸ் 3. உள்குரல் அமுங்கிப்போகும் என்பதால்தான் இரண்டாம் சொப்ரானோவுக்கு ஒருவர் கூடுதல். டெனர் வரி எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும். ஆல்ட்டோக்களுக்கு இதை முதலிலேயே சொல்லுங்கள். முதல் டெனர் தாழும் இடங்களில் அவர்கள் குரல் மங்கும், அங்கே டெனர் ஒருவரே தாங்க வேண்டும். எனவே மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

சுருதி இறங்க முக்கியக் காரணம், மென்மையாகப் பாடும்போது மூச்சின் பிடியையும் விட்டுவிடுவது. அடுத்தது, இறங்கும் சுரப்படிகளைத் தேவைக்கு மேல் அகலமாக எடுப்பது. ஒரே சுரம் திரும்ப வரும்போதும் ஒவ்வொரு முறையும் துளி இறங்கும். வார்த்தை இல்லாமல் ‘நு’ என்று பாதி வேகத்தில் பாடவைத்து, ஒவ்வொரு முடிப்பிலும் நிறுத்தி பாட்டின் ஆதார சுரமான எஃப்-ஐப் பியானோவில் தட்டிப் பாருங்கள். பாட்டு முழுக்கப் பியானோ கூடவே ஓடினால் காது சோம்பிவிடும். நீண்ட தொடர்களில் பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஜெர்மன் உச்சரிப்பு?

பதில் 3:
‘பிலைப் பை உன்ஸ்’ (எங்களுடனே தங்கியிரும்): முதல் சொல்லின் முடிவு ‘கப்பல்’ என்பதன் ப், அடுத்த சொல்லின் தொடக்கம் ‘அன்பு’ என்பதன் ப. உதட்டை ஒரே தடவை மூடித் திறந்தால் போதும், இரண்டு முறை வெடித்தால் வரி உடையும். ‘ஐ’ ஒலியில் ‘ஆ’வையே நீட்டி, கடைசிக் கணத்தில் மட்டும் ‘இ’க்கு வாருங்கள். ‘ஆபெண்ட்’, ‘டாக்’ இரண்டும் வல்லொலியில் முடியும். ‘ஸிஹ்’ என்பதை ‘ஷ்’ ஆக்க வேண்டாம். நாக்கை ‘இ’ சொல்லும் இடத்தில் வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள்.

டெனர் ஒருவர் வராமல் போனால் இதைத் தள்ளிவைத்துவிட்டு, அவருடைய ஓபஸ் 35-ஐப் பாருங்கள். 84-ஆம் சங்கீதம், பெண்குரல்களோடு ஹார்ப் அல்லது ஆர்கன். உங்கள் சொப்ரானோ, ஆல்ட்டோ 12 பேருக்கு அது நன்றாகவே பொருந்தும்.