இறக்குமதிச் செத்தல் மிளகாய்: ஆய்வறிக்கை ஒன்றே போதுமா?

உவர்மலை வாசகி:
வணக்கம். வீட்டோடு சேர்ந்த சிறிய ஆலையில் மிளகாய்த்தூள் அரைத்துத் திருகோணமலைக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். புறக்கோட்டை வியாபாரி ஒருவரிடம் வாங்கிய இந்தியச் செத்தலுக்கு ஆய்வுகூட ஆய்வறிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் கடந்த மாரியில் ஒரு மூடையைக் கொட்டியபோது, நடுவிலிருந்த காய்கள் காம்போரம் சாம்பல் பூத்து, ஈரச்சாக்கு வாடை அடித்தன. அதை நான் அரைக்கவில்லை. சீனக்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கடல் கடந்து வரும் விளைபொருளின் தரத்தைப் பெரிய நிறுவனங்கள் எவ்வாறு உறுதிசெய்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

நிலாவெளி வாசகர்:
அரைக்காமல் விட்டது மிகச் சரி, தங்கச்சி. சிலவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. அது மூடை முழுவதும் சமமாகப் பரவியும் இருக்காது. சில காய்களில் மிகுந்தும் பலவற்றில் அறவே இல்லாமலும் இருக்கும். ஆகவே ஆய்வறிக்கை, ஆய்வுகூடத்துக்குப் போன அந்தக் கைப்பிடி மிளகாயைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயிலுள்ள இந்த நஞ்சுக்கு விதித்துள்ள எல்லை கிலோவுக்கு அதன் பி1 என்னும் வகை 5 மைக்ரோகிராம், வகைகள் சேர்ந்து மொத்தம் 10 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை மூடையின் வாயில் அள்ளிய ஒரு பிடி காட்டிக்கொடுக்காது. பொறுப்புள்ள நிறுவனங்கள் பல மூடைகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து எடுத்தவற்றை ஒன்றாக அரைத்துக் கலந்த பின்னரே மாதிரியை அனுப்பி, முடிவு வரும்வரை சரக்கைத் தனியே ஒதுக்கி வைக்கின்றன. விளைந்த இடத்தில் காயை வெறுந்தரையிலா, படங்கிலா உலர்த்தினார்கள் என்பதையும் ஆள் அனுப்பிப் பார்க்கின்றன. என் கணிப்பில், பாதித் தரம் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

கிண்ணியா வாசகர்:
தூளாக அன்றி, முழுச் செத்தலாகவே தொடர்ந்து வாங்குங்கள். 2005இல் பிரித்தானியாவில் சூடான் 1 என்னும் தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சுவைச்சாற்றில் சேர்ந்ததால், அந்தச் சாறு கலந்த நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்களைக் கடைகளிலிருந்து மீளப்பெற நேர்ந்தது. எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் எதையும் திருப்பி எடுக்க முடியாது.

உவர்மலை வாசகி:
இருவருக்கும் நன்றி. ஆய்வுக்கான மாதிரியை எத்தனை மூடைகளிலிருந்து எடுத்தார்கள் என்று அடுத்தமுறை வியாபாரியிடம் கேட்பேன். மூடையை அவர் முன்னே பிரித்துப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்காவிட்டால்?

நிலாவெளி வாசகர்:
அவரிடம் வாங்காதீர்கள். வாங்கியதையும் மாரிக்காலத்தில் சுவரோடு சாய்க்காமல், பலகைமேல் அடுக்கி, ஒரு மாதத் தேவைக்கு மேல் சேர்க்காமல் வைத்திருங்கள். நல்ல மிளகாயும் நம்மூர் ஈரக்காற்றில் வீட்டுக்குள்ளேயே பழுதாகும்.