நோட்டுப் புத்தகம் கொடுப்பதைத் தாண்டி ஒரு சேவைச் சங்கம் பள்ளிக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான்:
வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன டவுனில் சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். ரோட்டரியா லயன்ஸா என்று கேட்க வேண்டாம், இரண்டிலும் ஜூலை 1 வந்தால் பிரசிடென்ட் மாறிவிடுவார், அதோடு போன வருடத்து பிராஜக்டும் போய்விடும். இந்த வருடம் கல்விக் கமிட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமாக ஓர் அரசு தொடக்கப் பள்ளிக்குப் போய் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து நோட்டு, ஒரு பென்சில் டப்பா, அப்புறம் பேனர், போட்டோ, டீ, மிக்சர். அரசாங்கமே பாடப் புத்தகத்திலிருந்து நோட்டு, பை, செருப்பு, கலர் பென்சில் வரை கொடுக்கும்போது நாமும் போய் நோட்டு நீட்டுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கையில் சுமார் நாற்பதாயிரம் இருக்கிறது, செப்டம்பர் 8 எழுத்தறிவு நாளுக்குள் ஏதாவது தொடங்கச் சொல்கிறார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார் ஒருவர். அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கிளப்காரர்கள் டிக்‌ஷனரி கொடுக்கிறார்களாம், நாமும் கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். பள்ளிக்கூடத்துக்குள் இருப்பவர்கள் சொல்லுங்கள், எது உங்களுக்கு உதவும்? எது தொல்லை?

சாக்பீஸ்:
அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். முதலில் தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு பன்னிரண்டுக்கு வருவது, அதுவரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைப்பது, ஒரே நோட்டை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பது. நோட்டு வேண்டாம் சார், நிஜமாகவே வேண்டாம். ஸ்மார்ட் போர்டும் அரசே போட்டுக்கொண்டு வருகிறது. எங்களுக்குப் போர்டு பெரிய பிரச்சினை இல்லை, ஆள்தான் பிரச்சினை. ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறோம், ஆனால் மூன்று நிலைக்கும் நான் ஒருத்தி. மொட்டுப் பிள்ளைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்க ஒரு பெரியவர்.

க, கா, கி, கீ வரை பிள்ளை மடமடவென்று வந்துவிடும். கெ, கே, கை வந்ததும் தடுக்கும், ஏனென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கண் முதலில் கொம்பைப் பார்த்துவிட்டுத் திணறுகிறது. கொ, கோ-வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், இன்னும் மோசம். ‘கொடி’யை ‘கெடி’ என்று வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அந்த இடத்தில் திட்டாமல், சொல்லிக்கொடுத்தும் விடாமல், அவனாகவே திரும்பப் பார்த்துச் சரிசெய்யும் வரை காத்திருக்க நாற்பது பிள்ளை வகுப்பில் எனக்கு நேரம் இல்லை. உங்கள் சங்கத்தில் ரிட்டயர்டு ஆன பேங்க்காரர், எல்.ஐ.சி.காரர் நாலு பேராவது இருப்பார்கள் இல்லையா? வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், தவறாமல் வந்தால் போதும். தவறாமல் என்பதுதான் முக்கியம், நாலு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுவதாக இருந்தால் வராமலே இருக்கலாம்.

அப்புறம் புத்தகம். வாங்கிக் கொடுங்கள், ஆனால் பள்ளிக்கு ‘நன்கொடை’யாக எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்த அன்றே அது இருப்புப் பதிவேட்டில் ஏறும், ஏறினால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும், காணாமல் போனால் அவர் கைக்காசு. அதனால் பச்சை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் பூட்டத்தான் செய்வேன். புத்தகம் சங்கத்துடையதாகவே இருக்கட்டும். இரவல் என்று கொண்டுவந்து, வகுப்பறையில் கயிறு கட்டித் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும் என்று எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பொருளாளர்_மாமா:
சாக்பீஸ் டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் போட்டோவை அப்படி ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். சங்கக் கணக்கைப் பார்த்தவன் சொல்கிறேன், அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் துணிக்கடைக்காரரும் ஃபைனான்ஸ்காரரும் அடுத்த வருடம் செக் தருகிறார்கள். பேனர் இல்லாவிட்டால் அந்த நாற்பதாயிரமே வந்திருக்காது. பிள்ளைகள் முகம் தெரியாமல் எடுங்கள், பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டிக்‌ஷனரி கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். ஜார்ஜியா மாநிலம் சவானாவில் ஆனி பிளம்மர் என்ற பெண்மணி 1992-ல் 50 டிக்‌ஷனரி வாங்கிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் 1995-ல் டிக்‌ஷனரி பிராஜக்ட் என்ற அமைப்பு வந்தது, ரோட்டரி, கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்கள் எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டன. அங்கே அது நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் பிள்ளை வீட்டில் பேசுகிற மொழியிலேயே டிக்‌ஷனரியும் இருக்கிறது. நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் ஆங்கில அகராதியைக் கொடுத்தால் அப்பா அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுவார். எட்டாவது, ஒன்பதாவதுக்குக் கொடுத்தாலாவது அர்த்தம் உண்டு.

ரோட்டரியில் குளோபல் கிராண்ட் என்ற பெரிய நிதியுதவி கேட்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், மொத்த பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், நாற்பதாயிரம் ரூபாய் கிளப்புக்கு அது ஆகாது. சின்ன வேலைகளுக்கான டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் கேட்டுப் பாருங்கள்.

பழைய_அறிவொளி:
எல்லோரும் பிள்ளைகளையே பேசுகிறீர்கள், அவர்களின் அம்மாவையும் அப்பத்தாவையும் யார் பார்ப்பது? நான் புதுக்கோட்டை. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதில் பெண்கள் சைக்கிள் பழகியதைத்தான் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ‘பட்டா, படி’ பாடம் நடத்தியது. கல் உடைத்துவிட்டு வருகிற பெண்கள் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து படித்தார்கள்.

பாதியில் நின்றவர்களும் நிறைய. மண்டையில் ஏறவில்லை என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எனக்கோ வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது, நாற்பத்தைந்து தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து. புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தவர்களை எல்லாம் நாங்கள் ஆர்வம் இல்லாதவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

உங்கள் சங்கம் வருடா வருடம் கண் முகாம் போடுமே? இப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது, தன்னார்வலர்களை வைத்துத்தான். உங்கள் வட்டாரத்தில் அந்த மையம் எங்கே என்று விசாரித்து, முகாமை அங்கே கொண்டுபோய் வையுங்கள். படிக்கிற கண்ணாடி பெரிய விலை இல்லை. நாற்பதாயிரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினால் நான் சந்தோஷப்படுவேன்.

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி. கண்ணாடி விஷயம் சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பேசி முகாம் போடுகிறவர் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார், அவரைப் பிடிக்கிறேன். வாசிப்புக்கும் ஐந்து பேர் வருவதாக வாய்ச்சொல்லில் சொல்லியிருக்கிறார்கள், யார் நிலைப்பார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி மட்டும். புத்தகம் எங்கே வாங்குவது, பெரிய எழுத்தில் இரண்டு வரிக் கதையாக? பள்ளிக்குள் வர யாரிடம் அனுமதி கேட்பது?

சாக்பீஸ்:
அனுமதிக்குத் தலைமையாசிரியரைப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம். குழுத் தலைவர் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் அம்மாவாக இருப்பார், அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள், வேலை சுலபமாக முடியும். பிரசிடென்ட் மாறினாலும் தொடரும் என்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

புத்தகத்துக்கு ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள், பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கியது. தமிழ்க் கதை நிறைய, நிலை வாரியாக இருக்கிறது. திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நன்றாக இருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி, அது ஏற்கெனவே பள்ளியில் இருக்கும், பீரோவில் இருக்கிறதா என்று கேளுங்கள். வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் ‘நுழை’யோடு மட்டும் உட்காரச் சொல்லுங்கள். நீதிக்கதை சொல்லிப் புத்திமதியில் இறங்கிவிடுகிற பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கண்ணாடி முகாமுக்கு அனுப்பிவிடுங்கள்.